தரையில் நட்ட டிஷ் கம்பம்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

படம் கட்டம் கட்டமாக உடைந்து 'சிக்னல் இல்லை' என்று வந்ததும் முற்றத்துக்குப் போய் டிஷ்ஷைப் பிடித்து ஆட்டுவதுதான் நம்மில் பலருக்கு வழக்கம். அதோடு சரி. முதலில் இருந்த கோளாறு எது, நாம் சேர்த்த கோளாறு எது என்று அப்புறம் பிரிக்கவே முடியாது. மாடிச் சுவரில் அடித்த டிஷ் என்றால் டிஷ்ஷைச் சந்தேகப்படலாம். தரையில் கம்பம் நட்டு மாட்டியது என்றால் மண், கான்கிரீட், பைப், கிளாம்ப் எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் டிஷ்ஷுக்கு வர வேண்டும்.

எங்கள் பக்கம் கோவில்பட்டி வட்டாரம், கரிசல் பூமி. வீடு ஓட்டு வீடு. ஓட்டின் மேல் டிஷ்ஷை நிறுத்த வழியில்லை, ஏறினாலே நாலு ஓடு உடையும். அதனால் முற்றத்தில் கம்பம். சொந்த வீட்டில் இரண்டு தடவை, சொந்தக்காரர்கள் வீடுகளில் ஐந்தாறு தடவை நட்டும் பிடுங்கியும் கற்றதைத்தான் எழுதுகிறேன். டிஷ் மாட்ட வருகிற தம்பிகளுக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு. மண்ணைப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருக்காது.

ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு வேலை. பைப்பும் கிளாம்பும் சேரும் இடத்தில் இரண்டையும் தொட்டபடி பெயின்ட்டில் ஒரு கோடு போடுங்கள். டிஷ்ஷின் ஏற்ற இறக்க போல்ட் அருகில் ஒரு கோடு, எல்.என்.பி.யும் (டிஷ்ஷுக்கு முன்னால் கையில் நிற்கும், அலையை வாங்கும் பாகம்) அதைப் பிடிக்கும் வளையமும் சேரும் இடத்தில் ஒரு கோடு. டிவியோடு உள்ள செட்டாப் பெட்டியின் செட்டிங்கில் சிக்னல் பக்கத்தைத் திறந்து ஸ்ட்ரென்த், குவாலிட்டி இரண்டையும் எழுதி வையுங்கள். இனி என்ன செய்தாலும் பழைய இடத்துக்குத் திரும்பி வந்துவிடலாம்.

இன்னொரு கணக்கும் மனதில் இருக்கட்டும். 60 செ.மீ. டிஷ் வானத்தில் பார்க்கும் வட்டம் மொத்தமே சுமார் 3 டிகிரி. நடுவிலிருந்து ஒன்றரை டிகிரி விலகினால் சிக்னல் பாதியாகிவிடும். 6 அடிக் கம்பத்தின் உச்சி 3 செ.மீ. நகர்ந்தால் ஏறக்குறைய 1 டிகிரி. ஆக, கம்பத் தலையில் நாலு விரல் ஆட்டம் இருந்தால் படம் நிற்காது. கம்பம் நிரந்தரமாகச் சாய்ந்திருந்தால்கூட டிஷ்ஷைத் திருப்பிச் சரிக்கட்டலாம். ஆடுகிற கம்பத்துக்கு எந்தச் சரிக்கட்டலும் கிடையாது.

காற்றடிக்கும்போது மட்டும் குவாலிட்டி ஏறி இறங்குகிறது

ஆடி மாதத்தில் அதிகம் கேட்கிற புகார் இது. மணிக்கு 100 கி.மீ. காற்றில் 60 செ.மீ. டிஷ்ஷை ஏறக்குறைய 15 முதல் 20 கிலோ விசை தள்ளும். அந்தத் தள்ளல் கம்பத்தின் உச்சியில் விழுவதால் அடிமண்ணில் நெம்புகோல் போலப் பெருகும்.

ஒருவர் கம்பத்தின் தலையைப் பிடித்து மெதுவாக ஆட்டட்டும். நீங்கள் அடியில் உட்கார்ந்துகொள்ளுங்கள். பைப் கான்கிரீட்டுக்குள் இறங்கும் இடத்தைச் சுற்றி அரை டம்ளர் தண்ணீர் விடுங்கள். ஆட்டும்போது தண்ணீர் உள்ளே இழுபட்டு, மறுபடி குமிழியோடு வெளியே பிதுங்கினால் பைப்புக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கிறது. அங்கே தண்ணீர் அசையாமல் நின்று, கான்கிரீட்டின் வெளி விளிம்பில் மண் வாய் திறந்து மூடினால் மொத்தக் கட்டியுமே ஆடுகிறது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே ஆட்டம்தான். வைத்தியம் மட்டும் வேறு.

முதல் வகை பெரும்பாலும் வழவழப்பான பைப்பை அப்படியே கான்கிரீட்டில் இறக்கியதால் வருவது. நடும்போதே பைப்பின் அடியிலிருந்து அரை அடி உயரத்தில் துளை போட்டு, ஒரு சாண் நீளக் கம்பியைக் குறுக்கே செருகியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நாளாக ஆகப் பைப் உள்ளே சுழலத் தொடங்கும். இப்போது சரிசெய்ய, கம்பத்தைச் சுற்றி மேல் கான்கிரீட்டை ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்தி எடுங்கள். பைப்பில் குறுக்குக் கம்பியை வெல்டிங் வைத்துவிட்டுப் புதிதாகக் கலவை போடுங்கள். இடைவெளியில் சிமென்ட் பால் ஊற்றி அடைப்பது பத்து நாள் தாங்கும். நானும் ஊற்றிப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் வகைக்குக் குழியே போதவில்லை என்று அர்த்தம். தரைக்கு மேல் 6 அடி நிற்க வேண்டுமானால் கீழே 3 அடி போயாக வேண்டும். குழியின் அகலம் ஓர் அடி. அதை நிரப்ப 1:2:4 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவையில் ஏறக்குறைய அரை மூட்டை சிமென்ட் பிடிக்கும். பாதிச் சட்டி கலவையும் மிச்சத்துக்குச் செங்கல் துண்டும் போட்டு மூடிய கம்பங்கள் நிறைய உண்டு. கொத்திப் பார்த்தால்தான் தெரியும்.

அடி இரண்டும் உறுதி, ஆனாலும் டிஷ் ஆடுகிறது என்றால் பைப்பின் தலையைப் பாருங்கள். கிளாம்ப் பெரிதாகவும் பைப் சிறியதாகவும் இருந்தால் நடுவே சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி இறுக்கிவிட்டுப் போவார்கள். ரப்பர் வெயிலில் இளகும், பிடி தளரும். அளவான பைப் போடுவதே வழி. கடையில் 'ஒன்றரை இன்ச்' என்று கேட்டால் கிடைக்கும் ஜி.ஐ. பைப்பின் வெளிவிட்டம் 48 மி.மீ. இருக்கும், ஒன்றேகால் இன்ச் என்பது 42 மி.மீ. இருக்கும். பெயரில் உள்ள அளவு வேறு, கிளாம்ப் பிடிக்கும் அளவு வேறு. கிளாம்பைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். பைப்பில் மஞ்சள் பட்டை இருந்தால் அது மெல்லிசு, இறுக்கும்போதே நசுங்கும். நீலப் பட்டை போதும். சிவப்பு இன்னும் கனம், டிஷ்ஷுக்கு அவசியமில்லை.

நட்ட மறுநாளே சிக்னல் போய்விட்டது

காயாத கான்கிரீட்டில் டிஷ் ஏற்றியிருக்கிறீர்கள். கலவை போட்ட அன்றே மாட்டினால் டிஷ்ஷின் எடை ஒரு பக்கம் இழுத்து இரவோடு இரவாகக் கம்பம் சாயும். மூன்று பக்கம் கம்பு முட்டுக் கொடுத்து மூன்று நாளாவது விடுங்கள். ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டுத் தண்ணீர் விடுங்கள். ஏற்கெனவே சாய்ந்து இறுகிவிட்டது என்றால் கையால் நிமிர்த்தாதீர்கள், நிமிர்த்தினால் உள்ளே இடைவெளி விழும். ஆட்டம் இல்லாவிட்டால் சாய்ந்தபடியே விட்டு டிஷ்ஷை மட்டும் மறுபடி குறிவைத்துக்கொள்ளலாம். பார்க்க நன்றாக இருக்காது, படம் வரும்.

ஐப்பசியில் சரியாக இருக்கிறது, சித்திரையில் போய்விடுகிறது

செம்மண்காரர்கள் இதைத் தாண்டிப் போய்விடலாம். கரிசல்காரர்கள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும்.

முதலில் நட்ட கம்பம் எங்கள் வீட்டில் குளியலறைக்குப் பின்னால், வாழைப் பாத்திக்கும் சுவருக்கும் நடுவே நின்றது. குளிக்கிற தண்ணீர் வாழைக்குப் போகும். ஒவ்வொரு கோடையிலும் குவாலிட்டி 70இலிருந்து 30க்கு வந்துவிடும். டிஷ்ஷை லேசாகத் தூக்கி வைப்பேன், சரியாகும். மழை தொடங்கியதும் மறுபடி போகும், மறுபடி இறக்குவேன். இப்படியே இரண்டு வருடம். பெட்டிக்காரரைத் திட்டினேன், எல்.என்.பி.யை மாற்றினேன். மூன்றாவது சித்திரையில்தான் தற்செயலாகக் கம்பத்தின் அடியைப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் கான்கிரீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே இரண்டு விரல் போகிற வெடிப்பு. வாழைப் பக்கம் மண் கொழகொழவென்று ஈரம். ஈரமான பக்கம் வீங்கித் தள்ளுகிறது, காய்ந்த பக்கம் சுருங்கி இடம் விடுகிறது, கம்பம் வெடிப்பின் பக்கமாகச் சாய்கிறது. மழை பெய்து இரு பக்கமும் ஒரே ஈரமானதும் தானாக நிமிர்ந்துகொள்கிறது. நான் சாய்ந்த நிலைக்கு வைத்த டிஷ் அப்போது தவறாகிவிடுகிறது.

கரிசலில் கட்டடம் கட்டுகிறவர்கள் அடியில் குமிழ் போல அகன்ற பைல் (மண்ணுக்குள் நிற்கும் கான்கிரீட் தூண்) இறக்குவார்கள். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த முறை அது. மண் வீங்கிச் சுருங்கும் ஆழத்தைத் தாண்டி, பொதுவாக மூன்று மீட்டருக்கும் கீழே போவார்கள். ஒரு டிஷ்ஷுக்கு யார் அவ்வளவு தோண்டுவது? ஆகவே மண்ணோடு மல்லுக்கட்டாமல், கம்பத்தின் நாலு பக்கமும் ஒரே அளவு ஈரம் இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் நம்மால் முடிகிற வழி. வாழைப் பாத்தி, குளியலறைத் தண்ணீர், மாட்டுத் தொட்டி, ஓட்டுத் தாழ்வாரத்து மழைநீர் விழும் கோடு எல்லாவற்றிலிருந்தும் எட்டடியாவது தள்ளி நடுங்கள். தண்ணீர் தேங்காமல் வழிய, கம்பத்தைச் சுற்றிச் சரளை மண்ணை மேடாகப் போடுங்கள்.

குழியின் வடிவமும் முக்கியம். கடப்பாரையால் தோண்டும்போது மேலே அகலமாகவும் கீழே குறுகியும், புனல் மாதிரி குழி அமைந்துவிடும். அதில் கான்கிரீட் போட்டால் வீங்குகிற கரிசல் புனலின் சரிவைப் பிடித்து மேலே தூக்கும். குழி நேராக இருக்கட்டும், முடிந்தால் கடைசி அரை அடியைப் பானை வயிறு போல அகட்டுங்கள். மேலே குடை மாதிரி தளம் போட்டு அழகு பார்க்க வேண்டாம். இரண்டாவது கம்பத்தை நாலடி ஆழத்தில் இப்படி நட்ட பிறகு, ஒரு கோடையிலும் நான் டிஷ்ஷைத் தொடவில்லை.

சில நாள் காலையில் மட்டும் படம் இல்லை

எந்தெந்த நாள் என்று குறித்து வையுங்கள். அக்கா வீட்டில் குறித்துப் பார்த்தபோது புதனும் ஞாயிறும் என்று வந்தது. அந்த இரண்டு நாளும் துணி துவைக்கிற நாள். கொடிக் கயிற்றின் ஒரு முனை வேப்பமரத்தில், மறுமுனை டிஷ் கம்பத்தில். நாலு ஈரப் புடவையும் ஒரு போர்வையும் தொங்கினால் 6 அடிக் கம்பம் வளையாமல் என்ன செய்யும்? மதியம் துணி காய்ந்ததும் கம்பம் நிமிர்ந்துவிடும், படமும் வந்துவிடும். கயிற்றை அவிழ்க்கச் சொன்னபோது, "கம்பம் சும்மாதானடா நிக்குது" என்றாள். வேப்பமரத்துக்கும் முருங்கைக்கும் நடுவே புதுக் கொடி கட்டிக் கொடுத்த பிறகுதான் ஒத்துக்கொண்டாள்.

ஆடு கட்டுவதும் மாடு உரசுவதும் இதே கணக்குத்தான். புடலைக் கொடியைக் கம்பத்தில் ஏற்றிவிடும் வழக்கமும் உண்டு. எல்.என்.பி.க்கு முன்னால் ஓர் இலை வந்து நின்றால் போதும்.

ஸ்ட்ரென்த் 80 காட்டுகிறது, குவாலிட்டி 0

ஸ்ட்ரென்த் வருகிறது என்றால் கேபிளும் எல்.என்.பி.யும் உயிரோடு இருக்கின்றன என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. டிஷ் சரியான செயற்கைக்கோளைப் பார்க்கவில்லை, அல்லது பார்வையை ஏதோ மறைக்கிறது.

டிடி ஃப்ரீ டிஷ் வருகிற ஜிசாட்-15 செயற்கைக்கோள், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் இருக்கிறது. கோவில்பட்டியிலிருந்து நாம் பார்க்க வேண்டியது வடக்கிலிருந்து வலமாக 120 டிகிரி, அதாவது தென்கிழக்கு. ஏற்றம், அதாவது தரைமட்டத்திலிருந்து மேல்நோக்கிய கோணம், சுமார் 69 டிகிரி. டாடா பிளே 83 டிகிரியில் இருப்பதால் இன்னும் தெற்கே தள்ளி 151 டிகிரி, ஏற்றம் 77 அல்லது 78. ஏர்டெல் 108.2 டிகிரியில். அதற்குக் கிழக்கை ஒட்டி 105 டிகிரி, ஏற்றம் 53 மட்டும். நம் ஊரில் செயற்கைக்கோள் ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்கிறது என்பது இதிலிருந்து தெரியும். டிஷ்ஷின் முகம் மட்டும் அவ்வளவு மேலே பார்ப்பதாகத் தோன்றாது. எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழிருந்து பார்க்கும் வகை டிஷ் என்பதால், 69 டிகிரிக்கு முகம் 45 டிகிரி அளவில்தான் சாய்ந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு 'டிஷ் குனிந்துவிட்டது' என்று தூக்கி வைத்துக் கெடுத்தவர்கள் உண்டு.

இவ்வளவு உயரத்தில் பார்ப்பதால் ஒரு வசதி இருக்கிறது. கம்பம் இடம் வலமாக 4 டிகிரி திரும்பினாலும் பார்வை ஒன்றரை டிகிரிதான் விலகும். கம்பம் சாய்ந்தாலோ சாய்ந்த டிகிரி ஏறக்குறைய அப்படியே விலகும். அதனால் ரசமட்டத்தைக் கம்பத்தின் ஒரு பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கால் வட்டம் சுற்றிவந்து இன்னொரு பக்கத்திலும் வைத்துப் பாருங்கள். ரசமட்டம் இல்லாவிட்டால் தூக்குக்குண்டு போதும். திசை பார்க்கப் போனின் திசைகாட்டி நல்லதுதான், ஆனால் இரும்புப் பைப்புக்குப் பக்கத்தில் வைத்தால் பொய் சொல்லும். மூன்று மீட்டர் தள்ளி நின்று பாருங்கள்.

மரம் மறைக்கிறதா என்பதற்கும் கணக்கு உண்டு. 69 டிகிரிக்கு, டிஷ்ஷைவிட 10 மீட்டர் உயர்ந்து நிற்கும் தென்னை 4 மீட்டருக்கு அப்பால் இருந்தால் தொல்லையில்லை. மட்டை நீளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 53 டிகிரிக்கு அதே மரம் 7.5 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும்.

மரம் ஒன்றும் இல்லை, கம்பமும் நேராக இருக்கிறது என்றால் எல்.என்.பி.யின் முகத்தை எட்டிப் பாருங்கள். குளவி மண்கூடு கட்டியிருக்கும். கம்பம் தரையில் இருப்பதன் பெரிய லாபம், ஏணியில்லாமல் அதை வழித்து எடுத்துவிடலாம். குளவி வெளியே போயிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

மார்ச் நடுவில் சில நாள், 11 மணிக்குச் சில நிமிடம் படம் போகிறது

ஒன்றும் செய்ய வேண்டாம். சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வருகிற நாட்கள் அவை. 93.5 டிகிரியில் உள்ள செயற்கைக்கோளுக்கு எங்கள் ஊரில் மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசி வாரத்திலும், முற்பகல் 11 மணியை ஒட்டி இது நடக்கும்.

மெனக்கெடாமல் ஒரு சோதனையும் அன்றே செய்துவிடலாம். அந்த நிமிடத்தில் சூரியன் இருக்கிற இடம்தான் செயற்கைக்கோள் இருக்கிற இடம். டிஷ்ஷின் மேல் மர நிழல் விழுந்தால் மரம்தான் மறைக்கிறது, எந்தக் கிளை என்பதும் தெரிந்துவிடும். டிஷ் சரியாக நிற்கிறது என்றால் எல்.என்.பி.யின் முகத்தில் வெளிச்சம் குவிந்து பளிச்சென்று தெரியும்.

பாதிச் சேனல் வருகிறது, பாதி வரவில்லை

கட்டணப் பாக்கியில்லை என்று உறுதி செய்துகொண்டு கேபிளுக்கு வாருங்கள். பெட்டி கேபிள் வழியாகவே எல்.என்.பி.க்கு மின்சாரம் தருகிறது. 13 வோல்ட் கொடுத்தால் ஒரு வகை அலை, 18 கொடுத்தால் இன்னொரு வகை. வழியில் எங்காவது இணைப்பு களிம்பேறியிருந்தால் 18 என்று கிளம்பியது 14 ஆகப் போய்ச் சேரும். எல்.என்.பி. அதை 13 என்று எடுத்துக்கொள்ளும். 18இல் வர வேண்டிய சேனல்கள் மொத்தமும் போச்சு.

கேபிளைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு '18 வருகிறதே' என்று ஏமாறாதீர்கள். எல்.என்.பி. மின்சாரம் இழுக்கும்போதுதான் குறைவு தெரியும். அதைவிட இரு முனைக் கனெக்டரையும் கழற்றிப் பார்ப்பது சுலபம். நடுக்கம்பி செம்பு நிறத்தில் மின்ன வேண்டும். கறுத்தோ பச்சைக் களிம்பு பிடித்தோ இருந்தால் இரண்டு அங்குலம் வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போடுங்கள்.

தரைக் கம்பத்தில் கேபிள் மண்ணுக்குள் போவதால் அங்கேயும் ஒரு சந்தேகம் இருக்கும். டிஷ்ஷுக்குப் போடும் ஆர்.ஜி.6 கேபிளை வெறுமனே புதைத்தால் எலியும் மண்வெட்டியும் விடாது. ஒன்றரை அடி ஆழத்தில் பி.வி.சி. பைப்புக்குள் போட வேண்டும், போர் மோட்டார் லைனோடு சேர்க்கக் கூடாது. மண்ணுக்குள் ஜாயின்ட் மட்டும் ஒருபோதும் வேண்டாம். இருந்தால் அதுதான் குற்றவாளி, மேற்கொண்டு தேட வேண்டியதில்லை.

மழை விட்டு ஒரு மணி நேரமாகியும் படம் வரவில்லை

கொட்டுகிற மழையில் படம் போவது இயல்பு, மழைத்துளியே அலையைத் தின்றுவிடும். மழை விட்டதும் வர வேண்டும். வராவிட்டால் கனெக்டரில் தண்ணீர் புகுந்திருக்கிறது. எல்.என்.பி.க்கு வரும் கேபிள் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலேறும்படி விட்டால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றினால் கோவில்பட்டி வெயிலுக்கு ஒரு கோடைகூடத் தாங்காது. பைப்பின் தலை திறந்திருந்தால் மூடி போடுங்கள். மூடி கிடைக்கும் வரை நான் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைத்திருந்தேன், இரண்டு மழை தாங்கியது.

டிஷ்ஷைத் தொட்டால் சுர்ரென்கிறது

இதற்கு மட்டும் நிதானம் கூடாது. முதலில் பெட்டி, டிவி இரண்டின் பிளக்கையும் பிடுங்குங்கள். லேசான கிறுகிறுப்பு என்றால், எர்த் இல்லாத வீட்டில் பெட்டியின் அடாப்டரிலிருந்து கசியும் மின்சாரம் கேபிளின் வெளிவலை வழியாக டிஷ்ஷுக்கு வருவதாக இருக்கலாம். ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்கிறவருக்கு அது நன்றாகவே தெரியும். பலமாக அடித்தால் வீட்டு வயரிங்கிலோ பக்கத்து மோட்டார் லைனிலோ கோளாறு. எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும் வரை கம்பத்துப் பக்கம் யாரையும் விடாதீர்கள், ஆட்டையும் அவிழ்த்து வேறு இடத்தில் கட்டுங்கள். கம்பத்தை வீட்டு எர்த்தோடு சேர்த்து இணைக்கச் சொல்லி அவரிடமே வேலையை முடித்துக்கொள்ளுங்கள். எர்த் இருக்கிறது என்பதற்காக இடி நேரத்தில் அப்படியே விட்டுவிட வேண்டாம். வானம் கறுத்ததும் பிளக்கோடு சேர்த்துப் பெட்டியின் பின்னால் உள்ள கேபிளையும் கழற்றிப் போடுங்கள்.